லூர்தம்மா கண்மூடி நின்ற படம்

லூர்தம்மாவின் அம்மா எனக்கு ஒன்றுவிட்ட அக்கா. லூர்தம்மாவின் அப்பா கஹவத்தைப் பக்கத்துத் தோட்டத்துக்காரர். ருவான்வெல்லைக்கு மேலே இருக்கிற எங்கள் ரப்பர் தோட்டத்துக்குப் பெண் பார்க்க வந்தவர், பெண்ணைப் பிடித்துப்போய் இங்கேயே பேர் பதிந்து பால்வெட்டத் தொடங்கிவிட்டார். அவருடைய அப்பா, அதாவது லூர்தம்மாவின் தாத்தா, மகன் கலியாணத்துக்கு வந்த இடத்தில் ஸ்டோரில் ரப்பர் பால் ஊற்றி வைக்கிற தொட்டிக்குள் விழுந்துவிட்டார். "விடியட்டும், ஷீட்டாவே உரிச்சி எடுக்கலாம்" என்று அன்றைய தொரை சொன்னதாகக் கதை. தாத்தாவின் தம்பி ஒருவர் இருந்தார். அவர் விழாத இடம் தோட்டத்தில் கோயில் மட்டும்தான். அங்கே அவர் போனதில்லை.

இந்த வம்சத்தை எதற்குச் சொல்கிறேன் என்றால், இந்தக் குடும்பத்துக்குள் குடி எங்கேயிருந்து வந்தது என்று போன வருஷம் ஒரு கூட்டமே போட்டு ஆராய்ந்தார்கள். சைப்ரஸிலிருந்து வந்தது என்று கண்டுபிடித்தார்கள்.

லூர்தம்மாவின் தம்பி லோரன்ஸைப் பெற்றுப் போட்ட கையோடு அவர்களுடைய அம்மா கண்ணை மூடினாள். தம்பியை வளர்த்தது லூர்தம்மாதான். ரப்பர் மரத்தில் சேலைத் தொட்டில் கட்டி, ஒரு வரிசை மரத்தில் பால் வெட்டிவிட்டு வந்து ஆட்டிவிடுவாள், அடுத்த வரிசைக்கு ஓடுவாள். பிறகு அவளுக்கும் கலியாணம் நடந்தது. பிள்ளை தங்கவில்லை. புருஷன் ஒரு நாள் ரம்புக்கனை ஸ்டேஷனில் கொழும்பு ரயில் ஏறினான்; இன்னொருத்தியோடு ஏறினான் என்று பார்த்தவர்கள் வந்து சொன்னார்கள். பிள்ளையில்லாதவள் என்று அவளுக்கு ஒரு பேர் நின்றது. ஓடிப்போனவனுக்கு ஒரு பேரும் நிற்கவில்லை. ஆம்பிளைக்குப் பேர் ஒட்டுவது கஷ்டம்.

தோட்டத்து வரிசை வீடான லயத்தின் கூரை ஒழுகின ஒழுக்கில், லோரன்ஸுக்குச் சரோனைக் கட்டிவைத்த கையோடு, லூர்தம்மா சைப்ரஸுக்கு வீட்டு வேலைக்குப் போனாள். அங்கே ஒரு கிழவியைப் பார்த்துக்கொள்கிற வேலை. கிழவியைக் 'கிரியா' என்றுதான் கூப்பிட வேண்டுமாம். அந்த ஊரில் வீட்டுக்கார நோனாவுக்கு அதுதான் சொல். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் லீவு. அன்றைக்கு அவள் வீடியோ கோல் எடுப்பாள். நாங்கள் லோரன்ஸின் லயத்துக் காம்பரா அறையில் ஃபோனைப் பால்மா டின்னில் சாய்த்து வைத்துவிட்டுச் சுற்றி உட்காருவோம்.

"சின்னம்மா, இந்தா பாருங்க. இதான் பழைய டவுனு. சுத்திவரக் கோட்டச் செவுரு. எத்தனையோ நூறு வருசமாம்."

ஃபோனில் ஒட்டிக்கொண்டு நின்ற வீடுகள் தெரிந்தன. சுண்ணாம்பு உதிர்ந்த சுவர், கோணல் கதவு, வாசலை அடைத்துக்கொண்டு காய்கிற துணி.

"அட, நம்ம லயம்!" என்றான் லோரன்ஸ்.

"ஆமாடா. ஆனா இத இடிக்கக் கூடாதாம். ஒரு கல்லத் தொட்டாலும் கேஸாம்."

"இங்கயுந்தான் எவனும் தொட மாட்டேங்கிறான். கேஸு ஒண்ணுதான் இல்ல."

"வெள்ளக்காரனுக பிளேன்ல வந்து நின்னு படம் புடிக்கிறானுகடா. நேத்து ஒருத்தி, நான் ஜன்னல்ல துணி காயப்போடுறதப் புடிச்சிட்டுப் போறா."

"அப்ப வீட்டுக்காரங்க?"

"அவங்க எல்லாம் புது டவுனுக்குப் போயிட்டாங்க. இதுல இருக்கது நம்மள மாதிரி வேலைக்கு வந்த சனந்தான்."

அன்றைக்குப் பிறகு எங்கள் லயத்துக்கே 'பழைய டவுன்' என்று பேர் வந்துவிட்டது. "பழைய டவுன்ல இன்னைக்கும் தண்ணி வரலையாடி?" என்று தோட்டத்தின் மேல் பிரிவான மேக்கணக்குப் பொம்பிளைகள் தண்ணீர் பிடிக்கிற பீலியடியில் கேட்பார்கள்.

அந்தக் கோட்டைக்குள்ளே இருந்த ஒரு கடையில்தான் லூர்தம்மா ஒரு நாள் கண்ணாடி வழியாக ஒரு வெள்ளைச் சட்டையைக் காட்டினாள். ஞானஸ்நானத்துக்குப் பிள்ளைக்கு உடுத்துகிற சட்டை. கழுத்திலிருந்து கால் வரைக்கும் சரிகைப் பின்னல். பக்கத்திலேயே ரிப்பன் கட்டின மெழுகுதிரி ஒன்று, பிள்ளையை விட உயரமாக இருந்தது. அப்போது சரோனுக்குப் பிள்ளை இல்லை. கலியாணமாகி வருஷங்கள் ஓடியிருந்தன. சரோன் எழும்பி அடுப்படிக்குப் போய்விட்டாள். லூர்தம்மாவும் ஃபோனைச் சட்டென்று வேறு பக்கம் திருப்பினாள்.

வைன் விஷயம் அதற்குப் பிறகு நடந்தது. கிரியாவின் மகன் தன் அம்மாவையும் அம்மாவின் தங்கச்சியையும் மலைப்பக்கத்துச் சொந்த ஊருக்குக் காரில் கூட்டிப்போனான். கிழவிகளைச் சக்கர நாற்காலியில் தள்ள லூர்தம்மாவும் அவளுடைய கூட்டாளி சித்தி மரியமும் போனார்கள். சித்தி மரியம் மாவனல்லை முஸ்லிம் பொம்பிளை; சித்தி என்பது அவள் பேரோடு சேர்ந்தது. அந்தத் தங்கச்சிக் கிழவியைப் பார்த்துக்கொள்கிறவள். அந்த ஊரில் வைன் செய்கிற ஒரு இடம். அன்றைக்குப் பின்னேரமே லூர்தம்மா கதை சொன்னாள்.

"மலை முழுக்கத் திராட்ச சின்னம்மா. நம்ம ரப்பர் மாதிரி வரிசைக்கு நட்டிருக்கான். உள்ளுக்குப் போனா குளுகுளுன்னு இருட்டு. பீப்பா பீப்பாயா அடுக்கியிருக்கு. பானை மாதிரி ஒரு கிளாசு, அதுல ரெண்டு மொடக்கு ஊத்திக் குடுக்குறான். ஆளுக என்ன செய்யிறாங்க தெரியுமா? ஆட்டுறாங்க, மோந்து பாக்குறாங்க, கொப்புளிக்கிறாங்க, அப்புறம் வாளியில துப்புறாங்க!"

"துப்புறாங்களா!" லோரன்ஸ் எழும்பியே விட்டான். அந்தச் செய்தி அவனைப் பாதித்த மாதிரி வேறு யாரையும் பாதிக்கவில்லை. "அந்த வாளிய அப்புறம் என்னக்கா செய்வாங்க?"

"எனக்கென்னடா தெரியும்?"

"கேட்டிருக்கலாமில்ல."

அன்றைக்குக் கிரியாவின் மகன் எடுத்த படத்தை லூர்தம்மா அனுப்பினாள். பீப்பாய்களுக்கு முன்னால் நிற்கிறாள். ஒரு கையில் கிளாஸ், இன்னொரு கை நெஞ்சில். கண் மூடியிருக்கிறது, தலை குனிந்திருக்கிறது. சித்தி மரியம் முழங்கையைப் பிடித்திருக்கிறாள். லோரன்ஸ் அதைப் பெருமையாக ஃபோனில் ஸ்டேட்டஸ் போட்டான். எங்கள் கணக்கு ஆட்கள் எல்லாரும் பார்த்தார்கள். "கொழுத்துட்டா" என்றார்கள், "நல்லா இருக்கா" என்றார்கள். படத்தில் பாவம் இருப்பதாக அன்றைக்கு ஒருவர் கண்ணுக்கும் படவில்லை.

பிறகு சரோன் உண்டானாள். யாரும் நம்பவில்லை, வயிறு தெரிந்த பிறகுதான் நம்பினார்கள். பெண் பிள்ளை. ஆஸ்பத்திரியிலிருந்தே லோரன்ஸ் அழுதுகொண்டு பேசினான்: "அக்கா, ஞானத்தாய் நீதான். நீ வந்து ஏந்தாட்டி என் புள்ள தலையில தண்ணி விழாது."

எங்களிடம் ஞானத்தாய் என்றால் ஒரு நாள் சடங்கு இல்லை. தொட்டியடியில் பிள்ளையை ஏந்தியவள் அதற்கு இரண்டாவது தாய். பிள்ளை அவளை அம்மா என்றுதான் கூப்பிடும். கலியாணத்தில் பெற்றவள் பக்கத்தில் அவளுக்கும் நாற்காலி போட வேண்டும். லூர்தம்மா அந்தச் சட்டையையும் மெழுகுதிரியையும் வாங்கிக்கொண்டு, கிரியாவிடம் கெஞ்சி லீவு எடுத்து வந்து இறங்கினாள். வந்த நாளிலிருந்து பிள்ளையைத் தரையில் விடவில்லை.

அப்போதுதான் உபதேசியார் அந்தனிக்குப் படம் ஞாபகம் வந்தது. எங்கள் கோயிலுக்கு ஃபாதர் மாதத்தில் ஒரு ஞாயிறு வருவார். மற்ற நாளில் கோயில் சாவி, செபமாலை, யார் பாவி யார் பரிசுத்தம் என்கிற கணக்கு, எல்லாம் உபதேசியார் கையில். கீழ்க்கணக்கில் பாதிப் பிள்ளைகளுக்கு அவர் சம்சாரம் மரியதங்கம்தான் ஞானத்தாய். எந்தக் கலியாணத்துக்குப் போனாலும் அவளுக்கு முன் நாற்காலி. இவ்வளவு காலம் கழித்து ஒரு பிள்ளை பிறந்து அது கைதவறிப் போகிறதை அந்த அம்மாவால் தாங்க முடியவில்லை. உபதேசியார் கூட்டம் கூட்டினார்.

எங்கள் தோட்டத்தில் கூட்டம் வைப்பதும் லேசான காரியம் இல்லை. சாராயத் தவறணை திறக்கிறதுக்கு முன்னால் வைத்தால் ஆம்பிளைகளுக்குப் பொறுமை இருக்காது. மூடின பிறகு வைத்தால் நிதானம் இருக்காது. ஆகவே பௌர்ணமிப் போயா நாளில் வைத்தார்கள். அன்றைக்கு நாடு முழுக்கத் தவறணைக்குப் பூட்டு. ஆனால் ஓயா ஆற்றுப் பக்கம் கசிப்புச் சாராயம் காய்ச்சுகிற இடத்துக்குப் பூட்டும் இல்லை, கதவும் இல்லை. கோயில் விறாந்தையில் ஆம்பிளைகள் வந்து உட்கார்ந்தபோது, உட்காரத் தெரிந்தவர்கள் உட்கார்ந்தார்கள், மற்றவர்கள் தூணைப் பிடித்துக்கொண்டார்கள். பொம்பிளைகள் நாங்கள் படிக்குக் கீழே நின்றோம்.

"இது யாரையும் கேவலப்படுத்துறதுக்குக் கூட்டுன கூட்டம் இல்ல" என்று உபதேசியார் ஆரம்பித்தார். அப்படி ஆரம்பித்தால் பிறகு என்ன வரும் என்று எங்களுக்குத் தெரியும்.

படத்தோடு ஃபோன் கைக்குக் கை போனது. ஒவ்வொருவரும் இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினார்கள். கடைசி ஆளிடம் வந்தபோது லூர்தம்மாவின் மூக்கு மட்டும்தான் தெரிந்தது.

"கண்ணு சொக்கிப் போயிருக்கு பாருங்க."

"தல தொங்கிருச்சி."

"நெஞ்சுல கையி. எரிச்சல் போல."

"ஒருத்தி தாங்கிப் புடிச்சிருக்கா. இல்லாட்டி விழுந்திருக்கும்."

சொன்னவர்கள் எல்லாம் இந்த விஷயத்தில் அனுபவசாலிகள். அவர்கள் சொல்கிறபோது கேட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

"தாங்கிப் புடிச்சது சித்தி மரியம். அவகிட்டயே கேளுங்க" என்று லூர்தம்மா தன் ஃபோனில் கோல் எடுத்து உபதேசியார் கையில் கொடுத்தாள்.

"ஆரு பேசுற?" என்று சித்தி மரியம் திரையில் வந்தாள். "லூர்து குடிச்சி விழுந்தான்னு செல்ற ஆம்பிள ஆரு? மொகத்தக் காட்டச் செல்லுங்க. படி வழுக்கிச்சி, நான் கையப் புடிச்ச. அவ்வளவுதான். நான் வாயில வைக்காதவ, எனக்கு ஒழுங்கா ஞாபகம் ஈக்கி. அது சரி, ஒங்க எல்லாருக்கும் ஏன் கண்ணு செவந்து ஈக்கிற? அங்க இன்னைக்குப் போயா தானே?"

"சிக்னல் இல்ல" என்று உபதேசியார் ஃபோனை அணைத்தார்.

லோரன்ஸ் மெதுவாக அக்கா பக்கத்தில் வந்தான். "அக்கா, திராட்ச ஜூஸுன்னு சொல்லிரு. முடிஞ்சி போயிரும்."

"ஜூஸு இல்லடா. வைனுதான்." அவள் எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள். "நான் நடந்தத சொல்றேங்க. அந்த இருட்டுக்குள்ள செவுத்துல ஒரு மாதா படம். முன்னுக்கு எண்ணெ வௌக்கு எரியிது. கோயிலு மாதிரியே இருந்துச்சி. கிளாசு வாய்க்கிட்ட வந்ததும் கை தானா நெஞ்சுக்குப் போயிருச்சி. வாயி ஆமென்னு சொல்லிருச்சி. பொறந்ததுல இருந்து அத ஃபாதர் கையிலதானே பாத்திருக்கோம்? மத்தவங்க மாதிரித் துப்ப மனசு வரல. ஒரு மொடக்கு முழுங்கிட்டு, கண்ண மூடிக் கொஞ்ச நேரம் நின்னேன். நற்கருணை வாங்கினா நிக்கிற மாதிரித்தான் நின்னேன்."

படிக்குக் கீழே நின்ற எங்களுக்கு மூச்சு வந்தது. இவ்வளவுதானா என்று மரியதங்கம் கூட ஒரு நிமிஷம் முகத்தைத் தொங்கப்போட்டாள். ஆனால் உபதேசியாரின் முகம் பெட்ரோமாக்ஸ் ஏற்றின மாதிரி ஆகிவிட்டது.

"நான் வெறுங் குடின்னுதானே நெனச்சேன்! இது அதவிடப் பெருசு." அவர் எழும்பி நின்றார். "குடிச்சா பாவசங்கீர்த்தனம் இருக்கு. ஆம்பளைக குடிக்கிறாங்க, விழுகிறாங்க, எந்திரிக்கிறாங்க. ஆனா எவனாவது கசிப்புப் போத்தலுக்கு முன்னால நின்னு ஆமென்னு சொல்லியிருக்கானா? சொல்லுங்க பாப்போம்!"

"இல்லைங்க. அந்தத் தப்பு மட்டும் நாங்க செஞ்சதில்ல" என்று தூணுக்குத் தூண் பதில் வந்தது.

எனக்குப் பக்கத்தில் நின்ற ஒருத்தி பொறுக்காமல் கேட்டாள்: "கானாவூருல ஆண்டவரே தண்ணிய ரசமாக்கிக் குடுத்தாருங்களே?"

"அது கலியாண வீடு. ஆம்பளைகளுக்குக் குடுத்தாரு."

"பைபிள்ல அப்படியா போட்டிருக்கு?"

"எல்லாத்தையும் போடுவாங்களா? நாமதான் வெளங்கிக்கணும்."

தீர்ப்பு வந்தது. குடித்த கையில் பச்சைப் பிள்ளையைக் கொடுக்கக்கூடாது. ஞானத்தாயாக மரியதங்கம் நிற்கட்டும். லோரன்ஸைப் பார்த்தோம். அவன் தரையைப் பார்த்தான். அக்கா வளர்த்த தம்பிதான். ஆனால் அக்கா எப்போதோ ஒரு தடவை வருகிறவள், கூட்டாளிகள் தினமும் பின்னேரம் வேண்டியவர்கள். ஞானத்தகப்பனாகச் சரோனின் அண்ணன் நிற்பது என்று அதே மூச்சில் முடிவானது. அவன் அன்றைக்கு வரவில்லை. ஏன் வரவில்லை என்று எல்லாருக்கும் தெரிந்ததால் யாரும் கேட்கவில்லை.

லூர்தம்மா காம்பராவுக்கு வந்து வெள்ளைச் சட்டையை எடுத்துத் தடவி, திரும்ப மடித்துச் சரோனின் மடியில் வைத்தாள்.

"நீயே உடுத்திவிடு சரோன். நான் சனிக்கிழமையே கெளம்பிர்றேன். கொழும்புல கூட்டாளி ஒருத்தி இருக்கா, அங்க நின்னுட்டு அப்படியே பிளேன் ஏறிர்றேன். கோயில்ல பின்னுக்கு நின்னு பாக்க என்னால ஏலாது."

சரோன் பேசுகிறவள் இல்லை. கலியாணமாகி வந்த நாளிலிருந்து அவள் குரலை நாங்கள் செபமாலையில்தான் கேட்டிருக்கிறோம். "ஞாயித்துக்கிழம வரைக்கும் இருங்க மதினி" என்றாள், அவ்வளவுதான். லூர்தம்மா இருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ஃபாதர் வந்தார். அவர் சிங்களவர், தமிழ்ப் பூசையைப் புத்தகம் பார்த்து வாசிப்பார், பேச்சு வந்தால் சிங்களம் கலக்கும். அன்றைக்கு அவருக்கு இன்னும் இரண்டு தோட்டத்தில் பூசை இருந்தது. ஞானஸ்நானம் கோயில் வாசலில்தானே தொடங்கும்? வாசலில் சரோன் பிள்ளையோடு நின்றாள். லோரன்ஸ் குளித்து எண்ணெய் வைத்து நின்றான். மரியதங்கம் பட்டுச் சேலையில் நின்றாள். ஞானத்தகப்பனை ருவான்வெல்லை பஸ்ஸிலிருந்து இரண்டு பேர் இறக்கி, இரண்டு பக்கமும் பிடித்து நிறுத்தியிருந்தார்கள். லூர்தம்மா கூட்டத்துக்குப் பின்னால் வாசல் தூணோடு நின்றாள்.

"ஞானத்தாய் யாரு?" என்றார் ஃபாதர்.

உபதேசியார் முந்திக்கொண்டு சிங்களத்தில் முழுக் கதையும் சொன்னார். ஃபாதர் படத்தைக் கேட்டு வாங்கினார். அவரும் இரண்டு விரலால் பெரிதாக்கினார். பிறகு கடிகாரத்தைப் பார்த்தார்.

"அந்தனி, இந்தப் புள்ளை யாரோடது? உங்களோடதா?"

"இல்லைங்க ஃபாதர்."

"அப்ப அம்மாவும் அப்பாவும் சொல்லட்டும்."

லோரன்ஸ் வாயைத் திறந்தான். உபதேசியாரைப் பார்த்தான். மூடிக்கொண்டான்.

"நான் சொல்றேன் ஃபாதர்" என்றாள் சரோன்.

அவள் பிள்ளையை ஒரு கையில் மாற்றிக்கொண்டு ஃபோனை வாங்கினாள். "இவங்க எல்லாம் இதக் குடிச்ச மொகம்னு சொல்றாங்க. குடிக்கிறவங்களுக்குத் தன் மொகம் எப்படி இருக்கும்னு தெரியாது ஃபாதர். எனக்குத் தெரியும். தெனமும் பின்னேரம் கதவத் தெறக்கிறவ நான்தான். குடிச்சவங்க கண்ணு மூடுனா வாயி மூடாது. வாயி மூடுனா காலு நிக்காது. இங்க பாருங்க, கண்ணும் மூடியிருக்கு, வாயும் மூடியிருக்கு, ஆளு நேரா நிக்கிது. கிளாசுல இருந்து ஒரு சொட்டு சிந்தல." அவள் புருஷன் பக்கம் திரும்பினாள். "என்னாங்க, நீங்க என்னைக்காவது கிளாச நேராப் புடிச்சிருக்கீங்களா?"

பொம்பிளைகள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டோம். பொத்தின பிறகும் சத்தம் வந்துவிட்டது.

"இந்த மொகத்த நான் இந்தக் கோயில்ல பாத்திருக்கேன். நற்கருணை வாங்கிட்டு வந்து மொழங்கால் போடுற மொகம் இது. எம் புள்ளைக்கு ஞானத்தாய் இவங்கதான். இல்லாட்டி நான் புள்ளையத் தூக்கிட்டு லயத்துக்குப் போறேன். அடுத்த மாசம் வாங்க ஃபாதர்."

அவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்ப் பிள்ளையை லூர்தம்மாவின் கையில் வைத்தாள். தூணோடு நின்றவள் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டாள்.

"சரி, சரி. வாங்க" என்றார் ஃபாதர், புத்தகத்தைத் திறந்துகொண்டு. உபதேசியார் ஏதோ சொல்ல வந்தார். "அந்தனி, தண்ணி கொண்டு வாங்க" என்றார் ஃபாதர். மரியதங்கம் பட்டுச் சேலையோடு மெழுகுதிரியைப் பிடிக்க வேண்டியதாகிவிட்டது. நல்ல பாரமான மெழுகுதிரி.

"பசாசையும் அதன் மாயங்களையும் விட்டுவிடுகிறீர்களா?" என்று ஃபாதர் கேட்டார்.

"விட்டுவிடுகிறேன்!" லூர்தம்மாவின் குரல் மேக்கணக்கு வரைக்கும் கேட்டிருக்கும்.

"எத ஃபாதர்?" என்றான் ஞானத்தகப்பன்.

பின்னேரம் லோரன்ஸ் வாசலில் விருந்து. ஆம்பிளைகள் கோயிலுக்குப் பின்னால் போய்ப் போய் வந்தார்கள். உபதேசியார் அவர்கள் நடுவில் உட்கார்ந்து, வெளிநாட்டுக்குப் போகிற பொம்பிளைகளால் வேதத்துக்கு வருகிற ஆபத்தைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தார். எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். அந்த நேரத்தில் அவர்கள் எதற்கும் ஒத்துக்கொள்வார்கள்.

லூர்தம்மா உள்ளே பாயில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பிள்ளை வெள்ளைச் சட்டையோடு அவள் மடியில் தூங்கியது. சோறு கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒரு கையால் சாப்பிட்டாள். லோரன்ஸ் நிலையைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தான். கண்ணில் தண்ணீர்.

"குடுக்கா. எம் புள்ளைய ஒருக்காக் குடு."

"குடிச்ச கையில பச்சப் புள்ளையக் குடுக்கக் கூடாதுடா. நீங்கதானே கூட்டம் போட்டுத் தீர்த்தீங்க?"

அவன் பீலியடிக்குப் போய்த் தலையை நனைத்து, சட்டையை மாற்றிக்கொண்டு வந்து, வாடை வராமல் வாயை இறுக்கி மூடியபடி பாயின் ஓரத்தில் உட்கார்ந்தான். அடுப்படியில் நின்ற சரோன் அவனை ஒரு தடவை பார்த்துவிட்டு மதினியைப் பார்த்தாள். லூர்தம்மா பிள்ளையை மடியிலிருந்து எடுத்து, அவனுக்கு எட்டாத பக்கத்துத் தோளில் போட்டுக்கொண்டாள்.